நீரடி உணரி வலையமைப்புகளில் தொடர்புத் தடப் பகிர்வு: வரலாறும் வளர்ச்சியும்

நீரடிக் கம்பியில்லா உணரி வலையமைப்பு என்பது கடலுக்கடியிலோ ஏரியிலோ வைக்கப்பட்ட பல உணரிகள், கம்பி இணைப்பு இல்லாமல் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பாகும். நீரின் வெப்பநிலை, உவர்ப்பு, அழுத்தம், நீரோட்டம், நில அதிர்வு போன்றவற்றை இந்த உணரிகள் அளக்கின்றன. அளந்த தரவைப் பெரும்பாலும் ஒலியலையாக மாற்றி அனுப்புகின்றன. வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியும் கணு எனப்படும். ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கணுக்களும் ஒரே ஒலிப்பட்டையைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். இரண்டு கணுக்களின் செய்திகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தை வந்தடைந்தால் பொதுவாக இரண்டுமே சிதைந்துவிடும். இதற்கு மோதல் என்று பெயர். எந்தக் கணு, எப்போது, எந்த அதிர்வெண்ணில் பேசலாம் என்பதை முறைப்படுத்தும் விதிகளே தொடர்புத் தடப் பகிர்வு நெறிமுறைகள்.

இத்தகைய விதிகள் முதலில் வானொலிக்காக உருவாயின. அவற்றை நீருக்குள் கொண்டு சென்றபோது பல விதிகள் பயனற்றுப் போயின. நீரில் ஒலி மெதுவாகப் பயணம் செய்வதே இதற்கு முதன்மைக் காரணம். ஆய்வாளர்கள் இந்தத் தாமதத்தை முதலில் ஒரு குறையாகக் கருதிச் சமாளிக்க முயன்றனர். பின்னர் அதையே பயனுள்ளதாக மாற்றிக்கொள்ள முடியும் என்று கண்டனர். நீரடித் தடப் பகிர்வின் வரலாறு பெரும்பாலும் இந்த மாற்றத்தின் வரலாறே.

நீருக்குள் ஒலி ஏன்?

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் தன்மை உடையது. எனவே வானொலி அலைகளின் ஆற்றல் அதில் விரைவாக உறிஞ்சப்படுகிறது. கைப்பேசி, வைஃபை போன்றவை பயன்படுத்தும் உயர் அதிர்வெண் அலைகள் கடல்நீரில் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள்ளேயே மங்கிவிடுகின்றன. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் ஆழமாக ஊடுருவும். ஆனால் அவற்றை அனுப்ப மிகப் பெரிய அலைவாங்கிகள் தேவை. ஒளிக்கற்றை அதிக வேகத்தில் தரவை அனுப்பும் என்றாலும் கலங்கிய நீரில் சிதறிவிடும். ஒலி மட்டுமே நீரில் பல கிலோமீட்டர் தொலைவு செல்கிறது.

ஒலியைப் பயன்படுத்துவதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது வேகம். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. வானொலி அலையின் வேகம் இதைப் போல ஏறக்குறைய 2 லட்சம் மடங்கு. இரண்டாவது அலைப்பட்டையின் குறுகிய அகலம். அதிர்வெண் கூடக் கூட நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சுகிறது. ஆகவே 1 முதல் 10 கிலோமீட்டர் தொலைவுக்குச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைதான் கிடைக்கும். தொலைவு கூடினால் அது இன்னும் சுருங்கும். மூன்றாவது எதிரொலி. கடலின் மேற்பரப்பிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி, ஒரே செய்தியின் பல நகல்களாக வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்கிறது.

இவற்றுடன் மின்கலச் சிக்கலும் உண்டு. கடலடியில் உள்ள உணரியின் மின்கலத்தை மாற்றக் கப்பல் செல்ல வேண்டும். செய்தியைக் கேட்பதற்குத் தேவைப்படும் மின்திறனைவிட அனுப்புவதற்குப் பல மடங்கு தேவைப்படுகிறது. எனவே ஒவ்வொரு மோதலும் நேரத்தை மட்டுமின்றி உணரியின் ஆயுளையும் குறைக்கிறது.

தொடக்கக் காலம்

நீரில் ஒலியின் வேகத்தை 1826-இல் ழான்-டேனியல் கொலடான் ஜெனீவா ஏரியில் அளந்தார். கணித அறிஞர் சார்லஸ் ஸ்டர்ம் இந்த ஆய்வில் அவருடன் இணைந்து பணியாற்றினார். ஒரு படகில் இருந்தவர் நீருக்குள் தொங்கிய மணியை அடித்த அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டது. 13 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் மற்றொரு படகில் இருந்தவர், வெளிச்சத்தைக் கண்டதற்கும் மணியொலியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார். 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் நொடிக்கு 1435 மீட்டர் என்ற விடை கிடைத்தது. இது இன்றைய அளவீட்டுக்கு மிக நெருக்கமானது.

1901-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட சப்மரைன் சிக்னல் நிறுவனம், நீருக்குள் ஒலிக்கும் மணிகளைக் கலங்கரை விளக்கக் கப்பல்களில் பொருத்தியது. மூடுபனியில் வரும் கப்பல்கள் அந்த ஒலியைக் கேட்டு ஆபத்தான இடங்களைத் தவிர்த்தன. அந்நிறுவனத்துக்காக ரெஜினால்ட் ஃபெஸ்ஸென்டன் உருவாக்கிய மின் அலைவியற்றி, 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பின் பெரும் கவனத்தைப் பெற்றது. 1914 ஏப்ரலில் மயாமி என்ற அமெரிக்க அரசுக் கப்பலில் இருந்து அதைக் கொண்டு பனிப்பாறையின் எதிரொலியைக் கண்டறிந்தனர். அதே கருவியால் மோர்ஸ் குறிகளையும் நீருக்குள் அனுப்ப முடிந்தது.

1945-இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிகளுக்கான நீரடித் தொலைபேசியை உருவாக்கியது. 8 முதல் 11 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் மனிதக் குரலை அனுப்பிய இக்கருவியில் தடத்தைப் பகிரத் தனி விதி எதுவும் தேவைப்படவில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். பேசுவோர் இருவராக இருக்கும்வரை மனிதர்களின் பொது அறிவே போதுமானதாக இருந்தது.

வானொலியில் பிறந்த விதிகள்

மனிதர் இல்லாமல் கருவிகளே தடத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு ஹவாய் பல்கலைக்கழகம் வழிகாட்டியது. பல தீவுகளில் இருந்த முனையங்களை ஒரு கணினியுடன் வானொலி மூலம் இணைக்க நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோஹா வலையமைப்பை அமைத்தனர். அது 1971-இல் இயங்கத் தொடங்கியது. அதன் விதி மிக எளிமையானது. அனுப்புவதற்குச் செய்தி இருந்தால் உடனே அனுப்பலாம். மோதலால் ஒப்புகை வரவில்லை என்றால், தற்செயலாகத் தேர்ந்த சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். இம்முறையில் தடத்தின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 விழுக்காடு மட்டுமே பயன்படும். 1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் நேரத்தைச் சமமான துண்டுகளாகப் பிரித்து, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்ற திருத்தத்தைச் சொன்னார். இதனால் பயன்பாடு 36.8 விழுக்காடாக, அதாவது இரு மடங்காக உயர்ந்தது.

1975-இல் லெனார்டு கிளைன்ராக், ஃபவாத் தோபாகி ஆகியோர் "பேசுமுன் கேள்" என்ற முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். தடத்தில் ஒலிப்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கணு அனுப்பத் தொடங்கும். 1990-இல் ஃபில் கார்ன், மாகா என்ற கைகுலுக்கல் முறையை முன்மொழிந்தார். இதில் அனுப்புநர் முதலில் "அனுப்பலாமா?" என்று ஒரு சிறு செய்தி விடுக்கும். பெறுநர் "அனுப்பலாம்" என்று விடை தந்தபின் தரவு செல்லும். அருகில் உள்ள மற்றக் கணுக்கள் இவற்றைக் கேட்டு அமைதி காக்கும்.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஓர் எடுகோள் இருந்தது. ஒருவர் பேசத் தொடங்கிய உடனே மற்ற அனைவருக்கும் அது கேட்டுவிடும் என்பதே அது. வானொலியில் இது ஏறக்குறைய உண்மை. நீரில் உண்மை அன்று.

அமைதியை நம்ப முடியாத இடம்

1.5 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். இத்தொலைவை வானொலி அலை 5 மைக்ரோநொடியில் கடக்கும். ஒலி 1 நொடி எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 1000 பிட் வேகத்தில் 1000 பிட் கொண்ட தரவுப் பொதியை முதல் கணு அனுப்பினால், பொதி முழுவதையும் அனுப்பி முடிக்கும் வேளையில்தான் அதன் முதல் பிட் இரண்டாம் கணுவை எட்டும். அதுவரை இரண்டாம் கணுவுக்குத் தடம் அமைதியாகவே தெரியும். அது கேட்டுப் பார்த்துவிட்டு, தடம் காலியாக உள்ளது என்று எண்ணிப் பேசத் தொடங்கலாம். நீரில் ஒரு கணு கேட்கும் அமைதி, தடத்தின் பழைய நிலையைத்தான் காட்டுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பெறுநரிடமிருந்து 750 மீட்டரில் ஒரு கணுவும் 2250 மீட்டரில் மற்றொரு கணுவும் உள்ளன எனக் கொள்வோம். இரண்டும் ஒரே நொடியில் 1 நொடி நீளமுள்ள பொதிகளை அனுப்பினால், அருகில் உள்ளதன் பொதி 0.5 நொடியில் வந்து 1.5 நொடியில் முடியும். தொலைவில் உள்ளதன் பொதி 1.5 நொடியில்தான் வரத் தொடங்கும். எனவே மோதல் இல்லை. மாறாக, தொலைவில் உள்ள கணு முதலிலும் அருகில் உள்ளது 1 நொடி கழித்தும் அனுப்பினால், இரண்டும் சரியாக 1.5 நொடியில் வந்து மோதும். நிலத்தில் ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் மோதல். நீரில் எப்போது அனுப்பப்பட்டது என்பதுடன் எங்கிருந்து அனுப்பப்பட்டது என்பதும் சேர்ந்தே மோதலை முடிவு செய்கிறது.

நேரத் துண்டு முறையும் இதனால் பாதிக்கப்பட்டது. துண்டின் தொடக்கத்தில் அனுப்பினாலும், தொலைவைப் பொறுத்து வெவ்வேறு நேரங்களில் பொதிகள் வந்து சேர்வதால் துண்டு பிரித்ததன் பயன் மறைந்துவிடுகிறது. 2006-இல் வெளிவந்த ஆய்வுகள், நீரில் துண்டு முறை அலோஹாவின் செயல்திறன் எளிய அலோஹாவின் நிலைக்கே இறங்கிவிடும் என்று காட்டின.

முதல் வலையமைப்புகள்

1993-இல் தாமஸ் கர்ட்டின், ஜேம்ஸ் பெல்லிங்ஹாம், ஜோசிப் கடிபோவிச், டக்ளஸ் வெப் ஆகியோர், தானியங்கி நீரடி ஊர்திகளும் உணரிகளும் சேர்ந்து கடலை அளக்கும் வலையமைப்பு ஒன்றைக் கருத்துருவாக முன்வைத்தனர். 1994-இல் மிலிகா ஸ்டோயனோவிச், கடிபோவிச், ஜான் புரோக்கிஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, குறுகிய பட்டையில் முன்பைவிட அதிகத் தரவை அனுப்பும் வழியைக் காட்டியது. தனித்தனி இணைப்புகள் மேம்பட்டதால், பல கணுக்களை எப்படிச் சேர்த்து இயக்குவது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

அமெரிக்கக் கடற்படையின் சீவெப் திட்டம் இதைக் கடலில் சோதித்தது. ஜோசப் ரைஸ் தலைமையில் 1998 முதல் மாசசூசெட்சில் உள்ள பஸர்ட்ஸ் விரிகுடாவில் சோதனைகள் நடந்தன. தொடக்கத்தில் அலைப்பட்டையைப் பிரித்து வெவ்வேறு கணுக் குழுக்களுக்கு வெவ்வேறு அதிர்வெண்கள் கொடுக்கப்பட்டன. மோதல் தவிர்க்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே குறுகிய பட்டை மேலும் குறுகியது. ஒரு கணு பேசாதபோது அதன் பங்கு வீணாகக் கிடந்தது. எதிரொலிகளால் ஒரு சிறு பட்டை முழுவதும் மங்கிவிடும் ஆபத்தும் இருந்தது. 2000-ஆம் ஆண்டுச் சோதனையில் சீவெப் கைகுலுக்கல் முறைக்கு மாறியது.

ஒவ்வொரு கணுவுக்கும் தனிக் குறியீடு கொடுத்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் முறையும் ஆராயப்பட்டது. இது எதிரொலியைத் தாங்கக்கூடியது. ஆனால் அருகில் உள்ள கணுவின் உரத்த ஒலி, தொலைவில் உள்ளதன் மெல்லிய ஒலியை மூழ்கடித்துவிடாதபடி ஒலி அளவைக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

கைகுலுக்கலின் விலை

கைகுலுக்கல் மோதலைக் குறைத்தாலும் நேரத்தை விழுங்கியது. 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரு கணுக்களிடையே ஒலி ஒருமுறை செல்ல 2 நொடி ஆகும். அனுமதி கேட்பது, அனுமதி தருவது, தரவு அனுப்புவது, ஒப்புகை தருவது என நான்கு பயணங்களுக்கு 8 நொடி செலவாகும். 1 நொடி நீளமுள்ள ஒரு பொதிக்காகத் தடம் 8 நொடிக்கும் மேல் முடங்கிக் கிடக்கும்.

கைகுலுக்கல் செய்திகளே மோதிக்கொள்ளாமல் இருக்க, அவற்றைத் தாமதத்தின் அளவுக்கு நீட்ட வேண்டும் என்று ஃபாமா என்ற வானொலி நெறிமுறை கூறியது. வானொலியில் அந்த நீளம் மிகச் சிறியது. நீரில் அது மின்கலத்தை வீணாக்கும். 2006-இல் மார்சால் மோலின்ஸ், மிலிகா ஸ்டோயனோவிச் ஆகியோர் துண்டு முறை ஃபாமாவை வெளியிட்டனர். ஒரு துண்டின் நீளம், ஒலி மிகத் தொலைவான கணுவை அடைவதற்கான நேரத்தையும் அனுமதிச் செய்தியின் நீளத்தையும் உள்ளடக்கியிருந்தது. எனவே ஒரு துண்டில் அனுப்பிய செய்தி அத்துண்டு முடிவதற்குள் எல்லாருக்கும் கேட்டுவிடும். கேட்ட அமைதியை மீண்டும் நம்ப முடிந்தது. அதற்கு விலையாக, ஒவ்வொரு துண்டிலும் காத்திருப்பு நேரம் சேர்ந்தது.

தூங்கும் கணுக்கள்

தாமதத்தை முழுவதுமாகக் காத்திருந்து கழிப்பதற்குப் பதிலாக வேறு வழிகளும் தேடப்பட்டன. 2007-இல் மின் கியுங் பார்க், வோல்கன் ரோடோப்லு ஆகியோர் வெளியிட்ட நெறிமுறையில், ஒரு கணு தான் அடுத்து எத்தனை நொடி கழித்துப் பேசும் என்பதைத் தன் செய்தியுடனேயே அறிவிக்கும். இடையில் உள்ள தொலைவு மாறாதவரை, முதல் செய்திக்கு ஏற்பட்ட தாமதமே அடுத்த செய்திக்கும் ஏற்படும். எனவே தொலைவு எவ்வளவு என்று தெரியாமலே, கேட்கும் கணு அந்தக் கால அளவுக்குத் தூங்கிச் சரியான நேரத்தில் விழித்துக்கொள்ளலாம்.

2008-இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அஃபான் சையத், வெய் யே, ஜான் ஹைட்மன் ஆகியோர் டி-லோஹி நெறிமுறையை அறிமுகப்படுத்தினர். ஹவாய் மொழியில் லோஹி என்றால் மெதுவானது என்று பொருள். அலோஹாவை நினைவூட்டும் இப்பெயர் நீரின் இயல்பையும் குறித்தது. இதில் பேச விரும்பும் கணு முதலில் குறுகிய ஒலிக்குறி ஒன்றை எழுப்பிவிட்டுக் காத்திருக்கும். வேறு குறி கேட்கவில்லை என்றால் தரவை அனுப்பும். கேட்டால், எத்தனை குறிகள் வந்தன என்று எண்ணிப் பார்த்து, போட்டியாளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பின்வாங்கும். குறிகளை எண்ண முடிவதற்குக் காரணம் ஒலியின் மெதுவான வேகமே. வெவ்வேறு தொலைவிலிருந்து வரும் குறிகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. காத்திருக்கும் நேரத்தில் கணுவின் முதன்மைப் பெறுகருவி அணைந்திருக்கும். மிகக் குறைந்த மின்திறனில் இயங்கும் சிறு சுற்று மட்டுமே குறிகளுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

தாமதம் வாய்ப்பானது

டி-லோஹி காட்டிய திசையில் அடுத்த பெரும் அடி 2012-இல் எடுத்துவைக்கப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மந்தார் சித்ரே, மெகுல் மோதானி, ஷிராஸ் ஷஹாபுதீன் ஆகியோர், தாமதம் அதிகமுள்ள வலையமைப்பின் அதிகபட்சக் கொள்ளளவை ஆராய்ந்தனர். எல்லாரும் எல்லாரையும் கேட்கும் வானொலித் தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு பொதிதான் வெற்றிகரமாகச் செல்லும். நீரில், ஒரு பொதி பயணம் செய்யும் நேரத்தில் வேறு பொதிகளும் பயணம் செய்யலாம். ஒவ்வொன்றும் தனக்குரிய பெறுநரிடம் தனித்து வந்து சேர்ந்தால் போதும். வேண்டாத இடங்களில் அவை மோதிக்கொண்டால் இழப்பில்லை.

ஒரு கணு ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. ஆகவே மிகச் சிறந்த ஏற்பாட்டில் அது பாதி நேரம் பேசும், பாதி நேரம் கேட்கும். கணுக்களின் எண்ணிக்கையில் பாதி என்பதே மொத்தக் கொள்ளளவின் மேல் எல்லை என்று அவர்கள் நிறுவினர். அதாவது 4 கணுக்கள் உள்ள வலையமைப்பின் மேல் எல்லை, தாமதமற்ற தடத்தைப் போல 2 மடங்கு. எல்லா வடிவமைப்பும் இந்த எல்லையைத் தொடுவதில்லை. ஆயினும் தாமதம் எப்போதும் இழப்பே என்ற பழைய கருத்து இதனால் மாறியது.

இந்த ஏற்பாடு பயன்பட, கணுக்களிடையே உள்ள தொலைவும் பொது நேரமும் தெரிந்திருக்க வேண்டும். நீரோட்டத்தில் கணுக்கள் நகர்கின்றன. வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும். கடலடியில் செயற்கைக்கோள் நேரக்குறி எட்டாததால் கடிகாரங்களும் விலகிச் செல்கின்றன. ஒலிச் செய்திகளைக் கொண்டே கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறையை 2006-இலேயே சையத், ஹைட்மன் ஆகியோர் முன்வைத்திருந்தனர்.

பொது மொழி

ஒவ்வொரு நிறுவனத்தின் மோடமும் தனக்கென ஒரு முறையைப் பயன்படுத்தியதால் வேறு நிறுவனக் கருவிகளுடன் பேச முடியாத நிலை நீண்ட காலம் இருந்தது. பேசிக்கொள்ள முடியாத கருவிகளால் தடத்தைப் பகிர்ந்துகொள்ளவும் இயலாது. இத்தாலியின் லா ஸ்பெசியாவில் உள்ள நேட்டோவின் கடல்சார் ஆய்வு மையம் ஜானஸ் என்ற பொது நெறிமுறையை உருவாக்கியது. ரோமானியத் தொன்மத்தில் வாயில்களின் கடவுளின் பெயர் இது. 2017-இல் நேட்டோ இதைத் தரமாக ஏற்றது. யாரும் பயன்படுத்தும்படி இது வெளிப்படையாக வைக்கப்பட்டுள்ளது.

ஜானஸ் 9.44 முதல் 13.6 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைப் பயன்படுத்துகிறது. அடிப்படைப் பொதியின் அளவு 64 பிட் மட்டுமே. அனுப்புமுன் கணு தடத்தைக் கேட்டு, ஒலி இருந்தால் பின்வாங்கிக் காத்திருக்கும். அடுத்து வரும் நீண்ட செய்திக்காகத் தடத்தைக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கித் தருமாறு அறிவிக்கும் வசதியும் பொதியில் உண்டு. வேகத்தில் இது மிகக் குறைவானது. எல்லாருக்கும் புரிவதே இதன் வலிமை.

பயனும் பொறுப்பும்

தடப் பகிர்வு வெறும் கணிதப் புதிர் அன்று. 2004 டிசம்பர் 26 சுனாமி தாக்கியபோது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. அதன்பின் ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் சுனாமி மிதவைகளைக் கடலில் நிறுவியது. கடல் தரையில் உள்ள அழுத்தமானி ஒலியலை மூலம் மேலே உள்ள மிதவைக்குத் தகவல் அனுப்ப, மிதவை அதைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. இங்கு ஓர் உணரிக்கு ஒரு மிதவை என்பதால் தடப் போட்டி குறைவு. ஒரே மிதவையின் கீழ் பல உணரிகளை இணைக்க வேண்டுமானால் பகிர்வு விதி இன்றியமையாதது ஆகும். நிலநடுக்கம் ஏற்படும் தருணத்தில் எல்லா உணரிகளும் ஒரே நேரத்தில் பேச முற்படும். விதி மிகவும் தேவைப்படுவதும், அது உடைந்துபோக வாய்ப்பு அதிகமுள்ளதும் அந்தத் தருணமே.

இந்தத் தடத்தை மனிதர் மட்டும் பயன்படுத்தவில்லை. திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இரை தேடவும் ஒன்றையொன்று அழைக்கவும் ஒலியையே நம்பியுள்ளன. 1990-களில் கடலின் வெப்பநிலையை ஒலியால் அளக்கும் திட்டம் கலிபோர்னியாவில் தொடங்கியபோது, கடல் பாலூட்டிகளுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சத்தால் கடும் எதிர்ப்பு எழுந்தது. வானொலி அலைப்பட்டைகளை நாடுகளிடையே பங்கிடப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உள்ளது. நீரடி ஒலிப்பட்டைக்கு அத்தகைய பங்கீடு இல்லை. எனவே சுற்றுப்புற ஒலியைக் கேட்டு, பிற கருவிகளுக்கும் உயிரினங்களுக்கும் இடையூறு இல்லாத பட்டையைத் தேர்ந்துகொள்ளும் அறிதிறன் முறைகள் ஆராயப்படுகின்றன.

ஒரே வலையமைப்பின் கணுக்களுக்குள் மோதலைத் தவிர்க்கத் தொடங்கிய தடப் பகிர்வு, பின்னர் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கும் விரிந்தது. இப்போது கடலில் வாழும் உயிர்களையும் கணக்கில் கொள்ள வேண்டிய நிலையை அது எட்டியுள்ளது.